காபிக்கொட்டையை யார் அரைப்பது?

இந்தக் கட்டுரைக்குக் காரணம் ஒரு கிலோ காபித்தூள். வாங்கியது நான். குடித்துக் கஷ்டப்பட்டது என் பாட்டி.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ஆனால் பாட்டி தெருமுனைக் கடைக்குப் போய் 100 கிராம் காபித்தூள் அரைத்து வாங்கி வருவார். வருஷக்கணக்காக இதே வழக்கம். மழையோ முட்டி வலியோ, இது மட்டும் நிற்காது. நான் பி.காம் இரண்டாம் வருஷம் வந்ததும் சும்மா இருப்பேனா? காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் அப்போதுதான் 'எகனாமிக் ஆர்டர் குவான்டிட்டி' நடத்தியிருந்தார்கள். ஒரு சரக்கை ஒரே தடவையில் எவ்வளவு வாங்கினால் லாபம் என்று சொல்லும் சூத்திரம். 1913-இல் ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் ஆர்டர் செலவு ஏறும், மொத்தமாக வாங்கி அடுக்கினால் வைத்திருக்கும் செலவு ஏறும். இரண்டுக்கும் நடுவில் சரியான அளவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். கடைக்குப் போய் வரும் அலைச்சல் ஆர்டர் செலவு. காபித்தூளை டப்பாவில் வைத்திருக்க என்ன செலவு? ஒன்றுமில்லை, பூஜ்யம். அலமாரிக்கு வாடகையா கொடுக்கிறோம்? கிலோவாக வாங்கினால் 40 ரூபாய் குறைத்துத் தருவதாகக் கடைக்காரரும் சொன்னார். வாங்கி வந்துவிட்டேன். பாட்டி டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் காபி வேறு மாதிரி ஆகிவிட்டது. நிறம் இருந்தது, சூடு இருந்தது, வாசனை மட்டும் இல்லை. மரத்தூளைக் கரைத்தது மாதிரி இருந்தது. பாட்டி குறை சொல்லவே இல்லை. ஆனால் ஃபில்டரில் வழக்கமாகப் போடும் மூன்று ஸ்பூனோடு இன்னும் ஒரு ஸ்பூன் சேர்த்துப் போடுவதைப் பார்த்தேன். 10 வாரம் வர வேண்டிய ஒரு கிலோ 8 வாரத்தில் தீர்ந்தது. மிச்சம் பிடித்தது 40 ரூபாய், கூடுதலாகக் கரைந்தது 200 கிராம் தூள். நஷ்டக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் :-)

சூத்திரம் தப்பில்லை. பூஜ்யம் என்று நான் போட்டேனே, அதுதான் தப்பு. இதே தப்பை உலகத்தில் வேறு யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடப் போய், ஒரு பெரிய வரலாறே சிக்கியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், ஒரு காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

அரைத்தால் என்ன ஆகிறது?

முதலில் கொஞ்சம் விஞ்ஞானம். பயப்படாதீர்கள், நானும் காமர்ஸ்தான்.

வறுத்த காபிக்கொட்டை ஒரு சின்னப் பெட்டகம் மாதிரி. உள்ளே எண்ணெய், நூற்றுக்கணக்கான வாசனைப் பொருட்கள், வறுக்கும்போது உண்டான கார்பன் டை ஆக்சைடு எல்லாம் அடைந்து கிடக்கும். அந்த வாயு மெதுவாக வெளியே கசிந்துகொண்டே இருப்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் சுலபமாக உள்ளே வர முடியாது. அரைத்தவுடன் பெட்டகம் உடைந்துவிடுகிறது. அரைக்கும்போது வீடு முழுக்க மணக்கிறதே, அந்த மணம் டம்ளருக்குள் போயிருக்க வேண்டியது.

ஒரு சின்னக் கணக்கு. 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 1000 துண்டுகள் கிடைக்கும், மொத்த வெளிப்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். பத்து மடங்கு! இன்னும் நைசாக அரைத்தால் இன்னும் பல மடங்கு. அந்தப் பரப்பு முழுவதும் காற்று படும் இடம். கொட்டையாக வாரக்கணக்கில் தாங்குவது, தூளானால் நாள்கணக்கில் போய்விடுவது இதனால்தான்.

ஆனால் அதே பரப்புதான் தண்ணீர் படும் இடமும். அரைக்காமல் காபி போட முடியாது. வறுத்த காபியின் எடையில் சுமார் 30 சதவீதம்தான் தண்ணீரில் கரையக்கூடியது. அது முழுவதும் கரைந்தால் நல்லதா என்றால் அதுவும் இல்லை. 1950களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற வேதியியலாளர் இதை ஆராய்ந்தார். 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்தால் ருசி சரியாக இருக்கும் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. அதற்குக் குறைந்தால் புளிப்பும் சப்பையும், கூடினால் கசப்பும் துவர்ப்பும். தூள் கொரகொரப்பாக இருந்தால் சாறு குறைவாக இறங்கும், நைசாக இருந்தால் அதிகமாக இறங்கும்.

ஆக, அரைப்பது என்பது காபியைத் திறக்கும் வேலை, அதே சமயம் காபி சாக ஆரம்பிக்கும் நேரமும் அதுதான். எங்கள் பாடத்தில் ஒவ்வொரு பதப்படுத்தலும் சரக்கின் மதிப்பைக் கூட்டும் என்று படிக்கிறோம். காபியில் இந்த ஒரு படி மட்டும் மதிப்பைக் கூட்டிவிட்டு உடனே குறைக்கவும் ஆரம்பித்துவிடுகிறது. அப்படியானால் இந்த வேலையை எங்கே, யார் செய்வது? தோட்டத்திலா, ஃபாக்டரியிலா, கடையிலா, வீட்டிலா? காபி வியாபாரத்தின் வரலாற்றில் பாதி இந்தக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உரலும் உலக்கையும்

ஆரம்பத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. குடிப்பவரே இடித்துக்கொள்வார். எத்தியோப்பியாவில் விருந்தாளி வந்தால், அவர் கண் முன்னாலேயே பச்சைக் கொட்டையை வறுத்து, உரலில் இடித்து, காய்ச்சித் தருவது இன்றைக்கும் உள்ள வழக்கம். கொட்டைக்கும் கோப்பைக்கும் நடுவில் ஒரு மணி நேரம்கூட இருக்காது.

1550களில் இஸ்தான்புல்லில் காபிக்கடைகள் வந்தன. துருக்கிக் காபியில் வடிகட்டுவது கிடையாது, தூளும் தண்ணீரும் சேர்ந்தே கொதித்துக் கோப்பைக்கு வரும். அதனால் தூள் மாவு மாதிரி இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் நறநறக்கும். உரலில் இடித்தார்கள். பிறகு பித்தளையில் நீளமான உருளை மாதிரி ஒரு கை மிஷின் வந்தது, பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஐரோப்பாவில் மசாலா அரைக்கும் மிஷினிலிருந்து காபி மிஷின் பிறந்தது. மேலே கைப்பிடி, கீழே தூள் விழ ஒரு சின்ன இழுப்பறை. 1840-இல் பிரான்சில் இப்படி ஒரு காபி மிஷின் செய்ய ஆரம்பித்த கம்பெனியின் பெயர் பெஜோ. ஆமாம், பிற்காலத்தில் கார் செய்த அதே பெஜோதான்! ரம்பமும் இரும்புச் சுருளும் செய்துகொண்டிருந்தவர்களுக்குக் காபி மிஷினின் இரும்புப் பல் செய்வது பெரிய விஷயமில்லை.

மிஷின் வந்ததும் சண்டையும் வந்தது. இடித்த காபி நல்லதா, அரைத்த காபி நல்லதா? (நம் ஊர் அம்மிச் சட்னி, மிக்ஸிச் சட்னி பட்டிமன்றம் மாதிரி.) பிரியா-சவரேன் என்ற பிரெஞ்சு நீதிபதி, சாப்பாட்டு ரசிகர், 1825-இல் வந்த தன் புத்தகத்தில் ஒரு பரிசோதனையை எழுதியிருக்கிறார். ஒரே மோக்கா காபியை வறுத்து இரண்டு சம பங்காகப் பிரித்தார். ஒன்றை மிஷினில் அரைத்தார், இன்னொன்றைத் துருக்கியர் முறையில் இடித்தார். அதே எடை, அதே அளவு கொதிநீர். தானும் குடித்து, விஷயம் தெரிந்தவர்களுக்கும் கொடுத்தார். எல்லோரும் ஒரே குரலில் இடித்ததே மேல் என்றார்கள். துருக்கியில் பல வருஷம் காபி இடித்துப் பழகிய உரலும் உலக்கையும் நல்ல விலைக்குப் போகும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். பழைய சாமான் புதுசை விட விலை அதிகம்! தேய்மானக் கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை :-)

கொட்டையும் எடையும் தண்ணீரும் மாறவில்லை. பொடியாக்கிய விதம் மாறியது, ருசி மாறியது. 200 வருஷம் முன்னாலேயே ஒருவர் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்.

தூளுக்குள் என்ன இருக்கிறது?

அரைத்தால் போவது வாசனை மட்டுமில்லை. கொட்டையைப் பார்த்தால் கொட்டை என்று தெரியும். தூளைப் பார்த்தால் என்ன தெரியும்? பழுப்பாக இருப்பது தெரியும், அவ்வளவுதான்.

19ஆம் நூற்றாண்டு லண்டனில் கடைக்காரர்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். சிக்கரி வேரை வறுத்துப் பொடித்துக் காபித்தூளோடு கலந்தார்கள். 1840-இல் பிரிட்டிஷ் அரசின் கஜானா இலாகாவே இந்தக் கலவையை விற்கலாம் என்று அனுமதித்துவிட்டது. காபி என்ற பெயரிலேயே விற்றது. அன்று பிரிட்டனுக்குப் போன காபியில் பெரும்பங்கு இலங்கையிலிருந்து போனது. தமிழ்நாட்டிலிருந்து நடந்தே போன கூலித் தொழிலாளர்கள் பறித்த காபி. தங்கள் சரக்குக்குப் பதிலாக வேர் விற்கிறது என்று இலங்கைத் தோட்ட முதலாளிகள் கூச்சல் போட்டார்கள். காபித்தூளில் சிக்கரி கலந்திருப்பதை வேதியியல் முறையில் கண்டுபிடிக்கவே முடியாது என்று நிதியமைச்சர் சார்ல்ஸ் வுட் பாராளுமன்றத்தில் பதில் சொன்னார். நிபுணர்களிடம் கேட்டுத்தான் சொன்னார்.

ஆர்தர் ஹில் ஹாசல் என்ற டாக்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தூளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். காபியின் செல் வேறு, சிக்கரி வேரின் செல் வேறு. எவ்வளவு நைசாக அரைத்தாலும் அந்த அடையாளம் போகவில்லை. 1850-இல் இதைக் கட்டுரையாக வாசித்தார். அடுத்த வருஷம் முதல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அவருடைய பரிசோதனை முடிவுகள் வர ஆரம்பித்தன. லண்டன் கடைகளில் வாங்கிய 34 காபித்தூள்களில் 31-இல் சிக்கரி இருந்தது. சிலவற்றில் வறுத்த தானியமும் இருந்தது. எந்தக் கடையில் வாங்கியது என்று பெயரும் விலாசமும் போட்டே வெளியிட்டார்கள். கலவை என்று லேபிளில் எழுதித்தான் விற்க வேண்டும் என்று 1853-இல் விதி வந்தது. 1860-இல் பிரிட்டனில் வந்த உணவுக் கலப்படச் சட்டத்துக்கு ஹாசலின் வேலை ஒரு முக்கியக் காரணம்.

இன்றைக்கு நம் ஊர்க் காபி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். இந்தியச் சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அளவையும் எழுதியாக வேண்டும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இப்படி ஒரு மைக்ராஸ்கோப் கதை இருப்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

இரண்டு யுத்தங்கள், இரண்டு மூட்டைகள்

என்னை மாதிரியே கணக்குப் போட்டு மாட்டிக்கொண்ட ஆட்கள் யார் என்று கேட்டீர்களானால், பிரிட்டிஷ் ராணுவ சப்ளை அதிகாரிகள்.

1854-55 குளிர்காலம். கிரீமியாவில் செவஸ்தபோல் நகரைப் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் முற்றுகையிட்டிருந்தன. பனி, சேறு, காலரா. சிப்பாய்களுக்குச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும் என்று காபி கொடுத்தார்கள். எப்படி? பச்சைக் கொட்டையாக! வறுக்கவும் இல்லை, அரைக்கவும் இல்லை. வறுத்த காபி ஈரத்தில் கெட்டுப்போகும், பச்சைக் கொட்டை தாங்கும் என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். அது உண்மையும்கூட. பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் தாங்கும். கிடங்கில் வைக்க அதைவிட நல்ல வடிவம் கிடையாது.

ஆனால் கூடாரத்தில் இருப்பவனிடம் வறுக்கச் சட்டி இல்லை, அரைக்க மிஷின் இல்லை, எரிக்க விறகுகூட இல்லை. செடிகளின் வேரைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். சாப்பாட்டுத் தட்டின் மூடியில் வறுத்தார்கள். வெடித்த குண்டின் ஓட்டில் போட்டு இன்னொரு குண்டால் இடித்தார்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் கொட்டையைத் தூக்கி எறிந்தார்கள். கருங்கடலுக்கு அந்தப் பக்கம் இஸ்தான்புல், உலகத்துக்கே காபி குடிக்கக் கற்றுக்கொடுத்த ஊர்! 1855-இல் விசாரணைக்கு அனுப்பப்பட்ட மெக்நீல், டல்லக் இருவரின் அறிக்கையில் இந்தப் பச்சைக் கொட்டை விவகாரமும் இடம்பெற்றது. சரக்குக் கணக்கில் எல்லாம் சரி. காபி கொடுத்தாயிற்று என்று பதிவேட்டில் இருக்கும். குடித்தார்களா என்பதற்குப் பத்தி கிடையாது.

சில வருஷம் கழித்து, 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போர். வடக்குப் படைச் சிப்பாய்களுக்குக் காபிதான் உயிர். அவர்களுக்குச் சில சமயம் அரைத்த தூள் வரும், சில சமயம் வறுத்த கொட்டை வரும். சிப்பாய்கள் எதை விரும்பினார்கள் தெரியுமா? கொட்டையை! தூளாக வந்தால் கான்ட்ராக்டர் எதைக் கலந்திருப்பானோ என்ற சந்தேகம். கொட்டையைத் தகர வாளியில் போட்டுத் துப்பாக்கிக் கட்டையால் இடித்துக்கொள்வது அவர்களுக்குச் சிரமமாகவே தெரியவில்லை.

கிரீமியாவில் வறுக்காத கொட்டை, இங்கே வறுத்த கொட்டை. அந்த ஒரு படிதான் வித்தியாசம். அடுப்பு வேலையை முன்னாடியே முடித்துக் கொடுத்துவிட்டு, அரைக்கும் வேலையை மட்டும் குடிப்பவனிடம் விட்டால் வாசனையும் நிற்கிறது, நம்பிக்கையும் நிற்கிறது.

மிட்டாய்க்காக அரைத்தவர்கள்

இதை வியாபாரமாக மாற்றியவர் ஜான் அர்பக்கிள். அதுவரை அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில் பச்சைக் கொட்டை வாங்கி வாணலியில் வறுப்பார்கள், பாதி நாள் கருகும். அர்பக்கிள் வறுத்த கொட்டையை ஒரு பவுண்டு பாக்கெட்டில் போட்டு விற்றார். காற்றுப் படாமல் இருக்கக் கொட்டை மேல் முட்டையும் சர்க்கரையும் கலந்த ஒரு பூச்சு பூசும் முறைக்கு 1868-இல் காப்புரிமையும் வாங்கினார். பாக்கெட்டுக்குள் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய்க் குச்சியும் இருக்கும். மேற்கே மாடு மேய்க்கும் கௌபாய் கூட்டத்தில் சமையல்காரர் பாக்கெட்டைப் பிரித்து, "மிட்டாய் யாருக்கு வேணும்?" என்று கேட்பாராம். யார் முந்திக்கொண்டு வருகிறாரோ அவர்தான் அன்றைக்குக் காபி அரைக்க வேண்டும். முரட்டு ஆசாமிகள் ஒரு மிட்டாய்க்காக அடித்துக்கொள்வார்களாம் :-)

ஆனால் கை வலித்துத்தானே ஆகும். மெல்ல மெல்ல அரைக்கும் வேலை வீட்டை விட்டு வெளியேறியது. இஸ்தான்புல்லில் 1871-இல் மெஹ்மத் எஃபெந்தி என்பவர் தன் அப்பாவின் கடையை ஏற்று, பச்சைக் கொட்டைக்குப் பதிலாக வறுத்து அரைத்த தூளாகவே விற்க ஆரம்பித்தார். அந்தக் கடை இன்றும் இருக்கிறது. 1897-இல் அமெரிக்காவின் ஓஹையோவில் ஆரம்பித்த ஹோபார்ட் கம்பெனி, மளிகைக் கடைகளுக்கு மின்சாரக் காபி மிஷின் செய்து விற்றது. இனி கடைக்காரர் அரைப்பார், நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

அடுத்து ஃபாக்டரி. மொத்தமாக அரைத்து டப்பாவில் அடைத்தால் செலவு குறையும். ஆனால் வாசனை? 1900-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹில்ஸ் பிரதர்ஸ் டப்பாவிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு அடைத்தார்கள். 1930களில் இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ இல்லி, காற்றுக்குப் பதிலாக வேறு வாயுவை அழுத்தி அடைத்தார். 1938-இல் நெஸ்கஃபே வந்தது, தூளையே ஒழித்துவிட்டுச் சாற்றையே பொடியாக்கியது. பிறகு பாக்கெட்டின் நடுவில் குட்டி வட்டமாக ஒரு வால்வு, உள் வாயு வெளியே போகும், வெளிக் காற்று உள்ளே வராது.

இந்தக் கண்டுபிடிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. இவை எல்லாமே நான் பூஜ்யம் என்று எழுதிய அந்த 'வைத்திருக்கும் செலவு'தான். டப்பா, வாயு, வால்வு, எல்லாவற்றுக்கும் காசு. அவ்வளவும் செய்து பாக்கெட்டைப் பிரித்த அடுத்த நிமிஷம், பழைய கதை மறுபடி ஆரம்பமாகிவிடுகிறது.

நம்ம ஃபில்டர்

தமிழ்நாட்டுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் காபி நம் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் நுழைந்தது. ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார்.

பாட்டியிடம் கேட்டேன். அவருடைய அம்மா காலத்தில் பச்சைக் கொட்டை வாங்கி, இரும்பு உருளையில் போட்டுக் கரி அடுப்பின் மேல் சுற்றிச் சுற்றி வறுப்பார்களாம். பலகையில் திருகி மாட்டிய கை மிஷினில் அன்றன்றைக்கு அரைப்பார்களாம்.

"காலம்பற அந்தக் கடகட சத்தம் கேட்டாத்தான் எழுந்திருப்போம். அரைக்கிறது எங்க வேலை. யாருக்குடா பிடிக்கும்? கை விட்டுப்போகும்."

"அப்புறம் அந்த மிஷின் என்ன ஆச்சு பாட்டி?"

"மிக்ஸி வந்த வருஷம் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டாச்சு."

அட, மிக்ஸி இருக்கிறதே என்று கொட்டை வாங்கி வந்து மிக்ஸியில் அரைத்தேன் (தப்பு நம்பர் 2). ஃபில்டரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மணி நேரம் ஆகியும் பாதிகூட இறங்கவில்லை. தட்டினேன், ஊதினேன், ம்ஹூம். இறங்கிய கொஞ்சமும் கசந்தது, கூடவே ஒரு புளிப்பு.

காரணம் இதுதான். மிக்ஸி பிளேடு அரைப்பதில்லை, கண்டபடி வெட்டுகிறது. பிளேடில் மாட்டியது மாவாகும், தப்பியது ரவையாக நிற்கும். மாவிலிருந்து சாறு அளவுக்கு மீறி இறங்கிக் கசக்கும், ரவையிலிருந்து போதாமல் இறங்கிப் புளிக்கும். போதாக்குறைக்கு அந்த மாவு ஃபில்டரின் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். கடை மிஷினிலும் பழைய கை மிஷினிலும் இருப்பது வேறு. பல் வைத்த இரண்டு இரும்புத் துண்டுகள், நடுவில் ஒரு இடைவெளி, அதைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. அந்த இடைவெளிக்கு ஏற்ற அளவு ஆனால்தான் தூள் கீழே விழும். பொடி ஏறக்குறைய ஒரே அளவாக வரும்.

நம் ஃபில்டரில் தண்ணீரைத் தள்ள அழுத்தம் கிடையாது, தன் எடையிலேயே சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். எஸ்பிரெஸோ மிஷினில் காற்றழுத்தத்தைப் போல் 9 மடங்கு அழுத்தம், அரை நிமிஷத்துக்குள் வேலை முடிந்துவிடும், அதனால் தூள் மிக நைசாக இருக்கலாம். ஃபிரெஞ்சு பிரெஸ்ஸில் நாலு நிமிஷம் ஊறும், அதற்குக் கொரகொரப்பு வேண்டும். துருக்கிக்கு மாவு. நமக்கு இரண்டுக்கும் நடுவில், மெல்லிய மணல் மாதிரி. நைசானால் அடைக்கும், கொரகொரப்பானால் தண்ணீர் ஓடிவிடும், டிகாஷன் வெளிறிப்போகும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள், ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. கொட்டையைக் குளிரவைத்து அரைத்தால் பொடி இன்னும் ஒரே சீராக வருகிறது என்று 2016-இல் ஒரு கட்டுரை வந்தது. அரைக்கும் முன் கொட்டையில் துளி தண்ணீர் தெளித்தால் நிலைமின்சாரம் குறைந்து தூள் கட்டி சேராது என்று 2023-இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃபர் ஹெண்டன் குழுவினர் எழுதினார்கள்.

கணக்கைத் திருத்தினேன்

நோட்டில் அந்தப் பழைய பக்கத்தை எடுத்து, வைத்திருக்கும் செலவு என்ற இடத்தில் பூஜ்யத்தை அடித்துவிட்டு மறுபடி போட்டேன். வாரத்துக்கு 100 கிராம் என்று விடை வந்தது. பாட்டி சூத்திரம் படிக்காமலே இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருந்த அதே அளவு.

நம்மால் ஆகக்கூடியது ரொம்பச் சுலபம். கொட்டையாக வாங்கி நல்ல கை மிஷினில் அன்றன்றைக்கு அரைக்க முடிந்தால் அதுதான் முதல் தரம். முடியாவிட்டால் கடையில் கண் முன்னால், ஒரு வாரத்துக்கு மட்டும் அரைத்து வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். எதில் போடப் போகிறீர்கள் என்று கடைக்காரரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இப்போது வெள்ளிக்கிழமை கடைக்குப் போவது நான்தான். பாட்டிக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டது. போன வாரம் கடைக்காரர் கொட்டையை நிறுத்து மிஷினில் கொட்டிவிட்டு, "ஃபில்டருக்குத்தானே தம்பி?" என்று கேட்டுத் திருகை ஒரு இழை திருப்பினார். இத்தனை வருஷமாக இந்தக் கேள்வி என் காதில் விழுந்திருக்கும், அதில் இவ்வளவு விஷயம் இருப்பது தெரியாது. சுடச்சுடப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வேகமாக நடந்தேன்.

பாட்டி பிரித்து மோந்து பார்த்துவிட்டு மூன்று ஸ்பூன் போட்டார். நாலாவது போடவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் கை மிஷின் இன்னும் இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் :-)